கம்பி சுற்றிய மாமரம்

தெருவோர வாகை மரத்தில் பண்டிகைக்குச் சுற்றிய விளக்கு வயரை இன்னும் யாரும் கழற்றவில்லை. வயருக்கு மேலே பட்டை உதடுபோலத் தடித்திருந்தது. நகத்தால் கீறினேன். அந்தப் பச்சை மணம் என்னை எங்கள் ஊரான பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோனது.

அண்ணை காணாமல் போயிருந்தான். போரில் பிடிபட்டவர்களின் பெயர்களை வானொலியில் வாசிப்பார்களாம் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். இரைச்சலில்லாமல் கேட்பதற்காக அப்பா ஏரியல் கம்பியை முற்றத்து மாமரத்தில் இறுக்கிச் சுற்றினார். பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அம்மா மிதியைக் கையால் சுற்றுவா. டைனமோவில் வானொலி பேசும்.

சில வருடங்களில் மாமரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கியது. அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினா. அப்பா கத்தியால் பட்டையைச் சுரண்டினார். கம்பிக்குக் கீழே பச்சையே இல்லை.

"கம்பி கழுத்தை நெரிச்சுப்போட்டுது. வேர் பட்டினி கிடந்திருக்கு."

கம்பியை வெட்டியெடுத்து, காயத்தில் களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பி, சாக்கால் சுற்றினார்.

"தப்புமோ, அப்பா?"

"பிந்திப் போச்சு, பிள்ளை."

அம்மா சைக்கிளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தா. "இஞ்சாருங்கோ, செய்திக்கு நேரமாகுது. கம்பியைக் கட்டுங்கோ."

அப்பா அவவைப் பார்த்தபடி நின்றார். பிறகு அந்தக் கம்பியையே பக்கத்து வேம்பில் சுற்றினார்.

"இறுக்கிக் கட்டுங்கோ. இல்லாட்டி இரையும்."

இறுக்கினார்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது வானொலியை மட்டும் அம்மா மடியில் கட்டிக்கொண்டா. வேம்பிலிருந்த கம்பியை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை.

வாகையின் வயரை இழுத்துப் பார்த்தேன். பட்டை அதன்மேல் மூடி வளர்ந்துவிட்டது.