கைப்பிடி இல்லாத கதவு

"டக்."

பின்னறைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. மண்டபத்திலிருந்து வந்த அந்தச் சத்தம் ஒன்றும் பெரிதல்ல. யாரோ நாக்கைச் சொடுக்கியது போலத்தான் இருந்தது. ஆனால் ஆயிரம் சத்தங்களுக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும். சின்னவளின் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம்.

கண்காட்சி முடியும்வரை சாத்தவே கூடாத கதவு.

அவள் தன் கையைப் பார்த்தாள். சோப்பு நுரைக்குள் ஒரு மர ஆப்பு, அதன் மேல் கம்பளித் துணியில் தைத்த உறை. கதவு மூடிக்கொள்ளாமல் இடுக்கில் நிற்க வேண்டிய ஆப்பு அது. "உறை அழுக்கா இருக்கு பாரு. ஜட்ஜ் கண்ணுல முதல்ல அதுதான் படும். அலசிக் கொண்டா" என்று கால் மணி நேரத்துக்கு முன் எடுத்துக் கொடுத்தவர் அவள் கணவர்தான்.

ஈரக் கையோடு ஓடினாள்.

சின்னவள் என்பது ஒரு கார். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவர் தகர வேலை மேஸ்திரி. அதே பட்டறையில் சீட் தைப்பவள் அவள். அவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள், அவளை ஊசி என்பார்கள். கல்யாணமான இரண்டாம் வருடம் உடைசல் கடையிலிருந்து ஒரு பழைய காரை அவர் தள்ளிக்கொண்டு வந்தார். கூரையை அறுத்துத் தாழ்த்தினார். வால் பக்கத்தை நீட்டினார். கடைசியில் உள்ளேயும் வெளியேயும் இருந்த கைப்பிடிகளை எல்லாம் பிடுங்கிப் பற்றவைத்து மூடினார். கைப்பிடி இருந்தால் மேனியின் வழவழப்புக் கெட்டுவிடுமாம். பேட்டரியில் ஓடும் ஒரு சுவிட்சை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

"உனக்கொரு சக்களத்தி வந்துட்டா போலிருக்கே!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அன்றிலிருந்து கார் சின்னவள், இவள் பெரியவள். முதலில் இவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

சின்னவளுக்காக வீட்டின் முன்னறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டார்கள். அன்று முதல் அடுப்படிக்குப் போக வேண்டுமானாலும் வாசலுக்கு வர வேண்டுமானாலும் காரை உரசாமல் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் ஒருக்களித்து நடந்தே வளர்ந்தாள். காரில் கீறல் விழும் என்று இவள் கழற்றி வைத்த வளையல்கள் இருபத்து நாலு வருடமாக டப்பாவிலேயே கிடக்கின்றன.

வருடத்துக்கு மூன்று கண்காட்சிகள். காரை முக்காலிகளின் மேல் தூக்கி நிறுத்தி, வயிற்றுப் பக்கம் தெரிய அடியில் கண்ணாடிப் பலகைகளைப் பரப்புவார் மேஸ்திரி. ஓரத்தில் மேகம் போல வெள்ளைப் பஞ்சு. பக்கத்தில் சாட்டின் துணி சுற்றிய மேஜை, அதன் மேல் வாங்கிய கோப்பைகளும், தகரமாக இருந்த நாளிலிருந்து எடுத்த புகைப்படங்களும். சுற்றிலும் பித்தளைத் தூண்களில் சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே ஒரு ஸ்டூல், அதன் மேல் இவள். இறகுத் துடைப்பத்தால் தூசி தட்ட வேண்டும். யாராவது தொட்டுவிட்டால், மூச்சுவிடும் நேரத்துக்குள் பஞ்சுத் துணியால் ரேகையைத் துடைக்க வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட், போன் எதுவும் கயிற்றுக்குள் வரக்கூடாது. எல்லாம் மேஜைக்கடியில் ஒரு பெட்டிக்குள்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பெட்டிக்குள்தான் இவள் போன் பதினேழு முறை அடித்தது. மகளுக்கு முதல் பிரசவம். பேரன் பிறந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் பாட்டிக்குச் சேதி தெரிந்தது. மகள் சண்டை போடவில்லை. "பரவாயில்லம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லை இவள் இன்னும் நெஞ்சில் முள்ளாகச் சுமக்கிறாள்.

இப்போது இரண்டாவது. போன வாரம் மகள் பேசினாள். "இந்தத் தடவை நீ வரணும்மா. வரலன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

இன்று பன்னிரண்டு மணிக்கு மருமகன் இங்கே வருகிறார், அத்தையை அழைத்துப் போக. இரண்டு மணிக்குப் பஸ். இவள் துணிப்பை சாட்டின் திரைக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் காருக்குள் குனிந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது, அதனால்.

மண்டபத்துக்குள் வந்தபோது, பக்கத்துப் பச்சை வண்டிக்காரர் கயிற்றருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊசியக்கா, கடைசியில சின்னவ அண்ணனை உள்ள வச்சுப் பூட்டிட்டாளே! இனி உங்களுக்கு விடுதலைதான்!"

புகை நிறக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட்டுக்கு நடுவில் மேஸ்திரி. சீட்டின் ரோமத்தை ஒரே பக்கமாகச் சீவி விட நுழைந்தவரின் முழங்கை பட்டுக் கதவு சாத்திக்கொண்டிருக்கிறது. மற்ற கதவு முதலிலிருந்தே சாத்தியிருந்தது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவருக்கு இழுப்பு உண்டு. இழுப்பு மருந்து பெட்டிக்குள், அவருடைய பெல்ட்டோடும் போனோடும்.

"சிரிக்காதீங்கண்ணே! அவருக்கு மூச்சு வரலை!"

பச்சை வண்டிக்காரரின் முகம் சட்டென்று மாறியது. "பேட்டரி எங்கக்கா?"

"வீட்டில. மண்டபத்துக்குள்ள பேட்டரி வரக்கூடாதுன்னு சட்டமாச்சே."

"அடியில ஒரு கம்பி இருக்குமே, இழுத்தா திறக்குமே?"

"கண்ணாடியில வால் மாதிரி தெரியுதுன்னு முந்தாநாள் அவரே சுருட்டி மேல கட்டிட்டாரு. கண்ணாடிப் பலகையெல்லாம் எடுத்தாத்தான் கை போகும்."

உள்ளிருந்து தட்டும் சத்தம் மெத்தென்று கேட்டது. உயிர் போகிற நேரத்திலும் அந்த மனிதர் கண்ணாடியில் ரேகை விழாமல் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் தட்டினார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

பச்சை வண்டிக்காரர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கினார். உள்ளே மேஸ்திரி இரண்டு கையையும் விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த வளைவுக்கு ஏற்றபடி கையால் அறுத்த கண்ணாடி. இன்னொன்று கிடைக்காது.

"செத்தாலும் பரவாயில்லைங்கிறாரு பாருங்க!"

"நகருங்க" என்றாள் அவள்.

மேஜைக்கடியிலிருந்து அவர் மருந்தையும் தன் தையல் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, காட்சிக்காகத் தூக்கி வைத்திருந்த டிக்கிக்குள் முழங்காலிட்டு ஏறினாள். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் இடையில் தகரம் கிடையாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். தகரத்தை வெட்டி எடுத்தவர் அவர். அந்த இடத்தில் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்தவள் இவள். வைரக் கட்டம் வைத்த மடிப்புகள், நாற்பத்தெட்டுப் பொத்தான்கள், பதினாலு மாத வேலை. கத்தரிக்கோலை ஓங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். வெல்வெட் கிழிந்த சத்தம் தன் உடம்பிலிருந்தே வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

கிழிசல் வழியே முதலில் மருந்தை நீட்டினாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பஞ்சு ஒட்டிய தலையோடு மேஸ்திரி டிக்கியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது, இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

கைதட்டாமல் கயிற்றுக்கு வெளியே நின்றவர் ஒருவர்தான், மருமகன். "அத்தை, என்ன ஆச்சு? மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. இருங்க, வந்துடறேன்."

மேஸ்திரிக்கு மூச்சு திரும்பியது. அவர் முதலில் பார்த்தது கிழிசலைத்தான். அதற்குப் பிறகுதான் மருமகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாட்டின் விலகி வெளியே தெரிந்த துணிப்பையையும் பார்த்தார்.

"எங்கே கிளம்பிட்ட?"

"பொண்ணுகிட்ட. ரெண்டு மணி பஸ்." சொல்லிவிட்டாள். இருபத்து நாலு வருடத்தில் அவள் அவரிடம் கேட்காமல் சொன்ன முதல் சேதி அது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவர் கத்தியிருக்கக் கூடாதா! கத்தியிருந்தால் அவள் போயிருப்பாளே!

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேருக்கு முன்னால், முதன்முதலாக.

"போகத்தான் வேணும். போயிட்டு வா. நீ இல்லன்னா நான் இன்னிக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்." குரல் உடைந்தது. "ஆனா இதை இப்படியே விட்டுட்டா போவ? மூணு மணிக்கு ஜட்ஜ் வர்றாங்க. நான் செஞ்ச தகர வேலையை எவன் வேணும்னாலும் செய்வான். நீ தைச்சதை எவன் தைப்பான், சொல்லு? இந்தக் கோப்பையெல்லாம் உன் கைக்குக் கிடைச்சது. எனக்குத் தெரியாதா?"

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! அது இன்றைக்கு, இந்த நேரத்திலா வர வேண்டும்? அவள் கண் கலங்கிவிட்டது. மணி பன்னிரண்டு இருபது. ஒரு வரிசை, எட்டே பொத்தான். வேகமாகத் தைத்தால் முக்கால் மணி.

"மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிடலாம்."

"சரிங்கத்தை" என்றார் அந்த நல்ல மனிதர்.

மேஸ்திரி தரையில் மல்லாந்து படுத்து, கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, கட்டி வைத்த கம்பியை அவிழ்த்து இழுத்தார். கதவு திறந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வளைந்த ஊசியில் நூல் கோத்தாள். தாழ்த்திய கூரை தலையில் இடித்தது. அந்தக் காருக்குள் அவள் தைக்க உட்கார்ந்திருக்கிறாள், துடைக்க உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளும் பயணம் போக உட்கார்ந்ததில்லை.

வெட்டும்போது பஞ்சு உள்ளே சரிந்திருந்தது. அதை நேராக்க அடுத்த வரிசையையும் பிரிக்க வேண்டி வந்தது. எட்டு பதினாறாயிற்று. முதல் பொத்தானை இழுத்துக் கட்டியபோதே மணி ஒன்று.

"ஊசியக்கா, விட்டுட்டுப் போங்கக்கா" என்றார் பச்சை வண்டிக்காரர் தாழ்ந்த குரலில். "ஒரு கிழிசலுக்காக யாரு சாகப் போறா?"

"பாதியில விட்டா மடிப்பு விட்டுப் போகும்ணே" என்றாள். தன் குரலில் மேஸ்திரியே பேசுவது போல அவளுக்குக் கேட்டது.

ஒன்றரைக்கு மருமகன் வந்து குனிந்தார். கையில் போன் மின்னியது. "அவ கேட்கிறா, அம்மா கிளம்பிட்டாங்களான்னு. என்ன சொல்லட்டும் அத்தை?"

பல்லில் நூல். வாயைத் திறந்தால் முடிச்சு நழுவிவிடும். திறக்காமல் இருப்பதற்கு அது ஒரு சாக்கும் ஆயிற்று. ஒன்பது பொத்தான் பாக்கி. முடிச்சைப் போட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. ஜட்ஜ் பார்த்துட்டுப் போனதும் சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன்."

"போன தடவையும் சாயங்கால பஸ்னுதான் சொன்னீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பையில ஒரு குட்டி மெத்தை இருக்கு. பாப்பாவுக்கு. இந்த வெல்வெட்டுல மிஞ்சின துண்டுதான், உள்பக்கம் பழைய பருத்திச் சேலை வச்சிருக்கேன், உறுத்தாது. அதை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

அவர் எடுத்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டும் விரித்தால் அடங்கிவிடும் சிவப்பு மெத்தை. கயிற்றைத் தாண்டிப் போனவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் கூட்டம் அவரை மறைத்தது. வாசல் பக்கம் வெயில் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஒரு முதுகு கறுத்துச் சிறுத்து இறங்கிப் போனது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். ஒரு காலை நீட்டி வெளியே வைக்கப் போனாள்.

"ஜனங்க எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. வெல்வெட்டுல தூசி விழுது" என்றார் மேஸ்திரி. அன்பாகத்தான் சொன்னார். "நீ நிம்மதியா தை, நான் சாத்திக்கிறேன். பயப்படாதே, கம்பி என் கையிலதான் இருக்கு."

"ஆப்பை வைங்க" என்றாள்.

"அது இன்னும் ஈரம் காயலையே. பெயின்ட்ல தடம் விழுந்துடும்."

அவள் கால் தானாக உள்ளே மடங்கியது. கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் வெல்வெட், நடுவில் ஒரு பொத்தான். நாற்பத்தெட்டில் சேராத பொத்தான் அது. அந்த இடம் தெரியக்கூடாது என்று அவர் சொன்னபோது, அவளே தன் கையால் அதை வைத்துத் தைத்திருந்தாள்.

மேஸ்திரி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரேகை விழாமல் கதவை மெதுவாகத் தள்ளினார்.

டக்.