முந்திக்கொண்ட ஸாரி

கடையில் அவருக்கு வைத்த பெயர் 'ஸாரி சார்'. வைத்தது வேன் டிரைவர். முதலாளியே ஒருநாள் வாய் தவறி, "ஸாரி சார் எங்கப்பா?" என்று கேட்டுவிட்ட பிறகு அது நிலைத்துவிட்டது. அவருக்கு இதில் கோபமில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு எல்லாம் விற்கிற பெரிய கடை அது. விற்பது மற்றவர்கள் பாடு. ஃப்ரிட்ஜின் கதவு நசுங்கிப் போயிருந்தால், நீலம் கேட்டவர் வீட்டில் சிவப்பு இறங்கியிருந்தால், அந்த வீட்டு வாசலில் போய் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது இவர் பாடு. கடையில் இதற்கு ஒரு சட்டமும் உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் வருத்தப்படலாம், தப்பு எங்களுடையதுதான் என்று மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் புதுச் சாமான் கொடுக்கவேண்டி வரும். இத்தனை வருடத்தில் அவர் அந்தச் சட்டத்தை ஒருமுறைகூட மீறியதில்லை.

வருத்தத்தில் எத்தனை தினுசு என்று அவரைத்தான் கேட்கவேண்டும். தெருவில் தோள் இடித்ததும் சொல்கிற ஸாரி, தும்மல் மாதிரி தானாக வருவது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 'மன்னிக்கவும்' என்பது லிஃப்ட் ஓடாதபோது சுவரில் ஒட்டுவதற்கு. நேரில் சொன்னால் எதிரில் இருப்பவர் நாடகம் போடுகிறான் என்று நினைப்பார். 'கோவிச்சுக்காதீங்கம்மா' என்பது வயதான பெண்களிடம் அப்படியே வேலை செய்யும், உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுப்பார்கள். 'தப்பா நெனைச்சுக்காதீங்க' என்று ஒருவர் ஆரம்பித்தால், தப்பாக நினைக்கவேண்டிய சங்கதி ஒன்று பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

இவருடைய சாமர்த்தியம் எல்லாம் முந்திக்கொள்வதில்தான். கதவு திறந்ததோ இல்லையோ, அந்த வீட்டுக்காரர் மூச்சை இழுத்துக்கொள்வதற்குள் இவர் ஸாரியைப் போட்டுவிடுவார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்தவர்கூட அப்புறம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழிப்பார். கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டதுண்டு. இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்று இவர் தட்டிக்கழித்துவிட்டார்.

இவருக்கு ஒரே மகள். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். சிறுவயதிலிருந்தே அவளுக்குப் பேச்சு திக்கும். சில எழுத்துகள் வந்தால் நின்றுவிடுவாள், கொஞ்சம் பொறுத்து, அதே வார்த்தையைச் சொல்லி முடிப்பாள். அவள் அவசரப்படுவதில்லை. அவசரப்படுவதெல்லாம் கேட்பவர்கள்தான். நீ சொல்லவந்தது இதுதானே என்று ஆளுக்கொரு வார்த்தையை எடுத்துக்கொடுப்பார்கள்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்கு வரவு பார்க்கிற வேலைக்கு அவள் எழுதிப்போட்டிருந்தாள். பரீட்சையில் தேறிவிட்டாள். போனில் பேசி முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். அந்த போன் வந்தபோது அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்த அப்பா எடுத்தார். 'இதோ கூப்பிடுறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குரல் கொடுத்திருந்தால் முடிந்தது. ஆனால் ஊறிப்போன பழக்கம் எங்கே விடும்?

"ஸாரி மேடம், முன்னாடியே சொல்லிடறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. பொண்ணுக்குப் பேச்சு கொஞ்சம் தடங்கும். மத்தபடி ரொம்பக் கெட்டிக்காரி. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அந்தப் பக்கம் இருந்த பெண், அப்படியா, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் காலி வாளியோடு மகள் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இவரோ நல்ல காரியம் செய்த திருப்தியில், சொல்லிவைத்துவிட்டேன், இனி நீ பயப்படாமல் பேசலாம் என்றார். அவள் போனை வாங்கி அவர்களைத் திரும்ப அழைத்தாள். வேறு ஒருவரைப் பார்த்துவிட்டோம் என்றார்கள்.

அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவருக்கு அது பொறுக்கமுடியவில்லை. திட்டியிருந்தால் எப்படித் தாங்குவது என்று அவருக்குத் தெரியும்.

கைவசம் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார். அறை வாசலில் நின்று ஒரு ஸாரிம்மா. மனைவி மூலம் ஒன்று சொல்லி அனுப்பினார். உன் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று ஒருதரம். அவர்கள் அதை அப்படி எடுத்துக்கொண்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று இன்னொரு தரம். இந்தக் கடைசி தினுசு இருக்கிறதே, பழியை நைசாக அடுத்தவர் பையில் போடுவது. ஒருநாள் சாப்பிடும்போது, உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு என்று ஆரம்பித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"கடை வாயைக் கடையிலயே வச்சுட்டு வாங்க," என்றாள் மனைவி.

அடுத்த விடுமுறை நாளில் மகள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறோர் இடத்தில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள், அதற்கான சட்டை. அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சொல்லவேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தைக்கு அவர் நாக்கு பழகியதே இல்லை. தொண்டையைக் கனைத்தார். கையைப் பிசைந்தார்.

"நான் செஞ்சது தப்பும்மா," என்றார். "உனக்கு உதவுறேன்னு நெனைச்சேன். அது உதவி இல்ல. எனக்குத்தான் வெக்கமா இருந்திருக்கு."

மகள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, எங்கிட்ட நீங்க ஸாரி கேக்கலைன்னாகூட ப... ப..."

நின்றுவிட்டது. அது என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியும். அவர் நாக்கு நுனிக்கு அது வந்தும் விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டுக்கு நிதானமாக நின்றாள்.

"...பரவால்ல. எனக்காக வேற யார்கிட்டயும் கேக்காதீங்க. நான் இப்படித்தான் பேசுவேன். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

மகள் மறுபடி குனிந்து சட்டைக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் சொல்லவந்ததை அவளே சொல்லி முடிக்கும்வரை தான் காத்திருந்தது, அவள் பிறந்து இத்தனை வருடத்தில் இதுதான் முதல்முறை என்று அவருக்கு உறைத்தது.