தேய்க்கும் மருந்தும் குடிக்கும் மருந்தும்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும், போத்தல் கிடைக்காது. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது ஈப்போ டவுன் கடைகளில் வாங்கிக் குடித்துத் தீர்த்த பிராந்தி போத்தல்தான். அதனால் இருமுகிறவர், வயிறு வலிக்கிறவர் எல்லாரும் பார்வைக்குக் குடிகாரர்களாகவே நடந்து வருவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்தில் இருமலும் வந்தது, முதுகுப் பிடிப்பும் வந்தது. எதையும் ஒவ்வொன்றாகச் செய்து பழக்கமில்லாத மனுஷர். இரண்டு போத்தல் கொடுத்தனுப்பினேன். மருந்து கொடுக்கும் டிரெசர் ஒன்றில் குடிக்கிற மருந்தையும் மற்றதில் தேய்க்கிற மருந்தையும் ஊற்றி, மேலே அழகாக இங்கிலீஷில் எழுதி ஒட்டினார். எங்கள் லயத்தில் தமிழ் படிக்கிறவர்களே இரண்டு பேர்தான்.

மறுநாள் விடியுமுன், ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிற அவசரம். விளக்கேற்றச் சோம்பல்பட்டு, கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்தேன்.

"இந்தாங்க, குடிச்சிட்டுக் கிளம்புங்க."

ஒரு மடக்குத்தான் உள்ளே போனது. மீதியைத் துப்பிவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெந்துபோயிற்று.

டிரெசர் ஓடிவந்து பார்த்தார். உயிருக்குப் பயமில்லை, பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஐயோ, கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று நான் தினமும் திட்டிய மனுஷர்! வீட்டில் சத்தமே இல்லாத அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்.

எடுத்துக் கொடுத்தவள் நான். அது பொறுக்காமல் டிரெசரிடம் போய்ப் பாய்ந்தேன்.

"எழுதித்தானே ஒட்டியிருக்கேன்?" என்றார்.

"எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியும்யா. இருட்டுல என் கைக்குத் தெரிய வேணாமா?"

அவர் முகம் சிவந்தது. மறுநாள் நான் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் இடத்துக்கே வந்து, ஒரு வாளி ரப்பர் பால் கேட்டார். அன்றிலிருந்து தேய்க்கிற மருந்துப் போத்தலையெல்லாம் பாலில் முக்கிக் காயவைத்துத்தான் கொடுத்தார். தொட்டாலே ரப்பர் கையில் தட்டுப்படும். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பார்த்துச் சிரித்தாராம். சிரிக்கட்டும்.

அந்த மருந்தைக் குடித்த நான்காம் நாள், வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மருந்துன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கரகரவென்று, பாதிக் காற்றாக அவர் குரல் வந்தது.

"நீ குடுத்தே. அப்புறம் என்னத்தக் கேக்குறது?"