பூட்ஸுக்குப் பதில் தேங்காய்

நேற்றுத் தொலைக்காட்சியில் பெண்கள் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகக் கிண்ணப் போட்டி. ஒரு பக்கம் பணக்கார நாடு. மறுபக்கம், தேசப்படத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய குட்டி நாடு ஒன்று. கோல் மேல் கோல் விழுந்துகொண்டிருந்தது. வர்ணனையாளர் சொன்னார்: "இப்போது போட்டி கடுமையாகிவிட்டது. சின்ன அணிகள் ஒழுங்காக ஆயத்தமாகி வர வேண்டும்." தேத்தண்ணிக் கோப்பையை நான் மேசையில் வைத்த வேகத்துக்கு அது உடையாதது அதிசயம். ஆயத்தமாம். வந்திட்டார் சொல்ல.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளையின் பூட்ஸைக் கிட்டத்தில் காட்டினார்கள். பளபளவென்று புதுசு. எனக்கோ டீசல் மணம் மூக்கில் ஏறியது.

அது சுகந்தியின் பூட்ஸ் மணம். சுகந்தி என்னோடு படித்தவள். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய மாமாவுக்குக் கப்பற்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப்போன, டீசல் ஊறின பழைய சோடி. அளவு பெரிது, நுனியில் தேங்காய்த் தும்பு அடைத்துத்தான் போடுவாள். எங்கள் அணி முழுவதற்கும் பூட்ஸ் என்று இருந்தது அது ஒன்றுதான். மைதானம் ஆம்பிளைப் பெடியளுக்கு. எங்களுக்குக் கடற்கரை, அதுவும் கரைவலை இழுத்து முடிந்த பிறகு. நான் பின்வரிசைக்காரி. பந்து வந்தால் முதலில் கண்ணை மூடுவேன், பிறகுதான் உதைப்பேன். சுகந்தியின் இடக்கால் அடிக்கு முன்னால் கோல் காக்கிறவளே விலகி நிற்பாள்.

தேசிய அணிக்குப் பெண்பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்தது. விளையாட்டு ரீச்சர் சுகந்தியைக் கூட்டிப்போனார். நான் துணைக்கு. என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அது சண்டைக் காலம். தமிழ்ப் பெண்பிள்ளையின் முழங்காலில் உரசல் காயம் இருந்தால் சோதனைச் சாவடியில் "எங்க ட்ரெயினிங்?" என்று கேட்பார்கள். கட்டை முடி என்றாலும் இயக்கத்துப் போராளியோ என்று சந்தேகம். பையில் பூட்ஸும் இருந்தால் சொல்லவே வேண்டாம். முந்தின கிழமைதான் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தியை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே சுகந்தியின் அம்மா விடிய எழும்பி, ஒருவருக்கும் சொல்லாமல் பையிலிருந்து பூட்ஸை எடுத்துவிட்டார். பாரம் குறைந்தது மகளுக்குத் தெரியாமலிருக்க ஒரு தேங்காயைத் துவாயில் சுற்றி வைத்திருக்கிறார்.

சாவடியில் ஆமிக்காரன் பையைக் கவிழ்த்தான். தேங்காய் உருண்டது. சுகந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து எடுத்துப் பையில் போட்டாள். எங்களைப் போக விட்டார்கள்.

கொழும்பு மைதானத்தில் பொறுப்பாக நின்றவர், பூட்ஸ் இல்லாத பிள்ளை இறங்க ஏலாது என்றார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பை அங்கே திறந்து கிடந்தது, உள்ளே மேலதிகச் சோடிகள். ஒன்றை இரவல் தரச்சொல்லி ரீச்சர் கெஞ்சினார். அந்த மனிதன் சிங்களத்தில் சொன்னதை ரீச்சர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

"அது அந்தப் பள்ளிக்கூடத்தின்ரையாம். ஒழுங்கா ஆயத்தமாகி வரட்டாம்."

என்ன காரணம் சொல்வது? சாவடிக் கதையை அங்கே கதைக்க முடியுமா? ஒரு தாய் தன் பிள்ளையை உயிரோடு அனுப்பச் செய்த ஆயத்தம் அந்தத் தேங்காய். அது அவனுக்கு ஆயத்தமாகத் தெரியவில்லை. சுகந்தி ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து, தன்னைவிட மெதுவாக ஓடிய பிள்ளைகள் தெரிவாவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சுகந்தி வீட்டுப் படலை வாசலில் அவளுடைய அம்மா நின்றார்.

"கோவமே பிள்ளை?"

"இல்லையம்மா. தேங்காயைச் சம்பலுக்கு எடுங்கோ."

அதற்குப் பிறகு ஒருவரும் எங்களைத் தெரிவுக்குக் கூப்பிடவில்லை.

அந்தச் சாவடி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஐஸ்கிறீம் விற்கிறார்கள். பெண்பிள்ளைகளின் அளவில் பூட்ஸ் கடை வாசலிலேயே தொங்குகிறது. நேற்று ஆட்டம் முடியுமுன்னே சுகந்திக்கு போன் எடுத்தேன். கலியாணம் கட்டிப் புல்மோட்டையில் இருக்கிறாள். அவளும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தோக்கிற பிள்ளையளைப் பார் மச்சாள். எதெதை வீட்டில விட்டிட்டு வந்ததுகளோ," என்றாள் சுகந்தி.

"இப்பவெண்டா நீ பூட்ஸோடயே பஸ் ஏறலாமடி. ஆரும் மறிக்க மாட்டினம்."

"ஓம்," என்றாள். "இப்ப முழங்கால்தான் மறிக்குது."