யூர்கனின் பாட்டில் ஒரு ‘நீ’

ஊரில் இருக்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பஸ்ஸில் போன் மணி அடித்தாலே முறைத்துப் பார்க்கிற ஜெர்மன்காரர்கள், நான் வேலை செய்யும் பேக்கரியில் அலறுகிற ரொக் பாட்டை மட்டும் குறைக்கச் சொல்வதில்லை. அது யூர்கனின் பாட்டு. அவர்தான் எங்கள் தலைமை ரொட்டிக்காரர். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர்போலப் பேசாத மனுசன். பாட்டோ தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும். இலங்கை மலையகத்தில், கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே சுவரை ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பக்கத்துக் காம்பரா ரேடியோ பாடினால் நாங்களும் சேர்ந்து பாடித்தான் வளர்ந்தோம். அந்தப் பழக்கத்தில் இதுவும் என்னோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. பல்லவியில் பாடகன் அடிவயிற்றிலிருந்து “நீ... நீ... நீ...” என்று கதறுவான். அட, இவனும் காதலியை நீ என்றுதான் கூப்பிடுகிறான் என்று சந்தோஷப்பட்டு, என் மனைவி செல்விக்கு அனுப்பிவைத்தேன். நான் கூப்பிட்டால் ஒலிக்கிற ரிங்டோனாகவே அதை அவள் வைத்துக்கொண்டாள்.

செல்வி கந்தப்பளையில் என் அம்மாவோடு இருக்கிறாள். இங்கே வந்து என்னோடு சேர அவள் ஜெர்மன் பரீட்சையில் தேறவேண்டும். நுவரெலியாவுக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போய்வந்தும் இரண்டு முறை தவறிவிட்டாள். இன்னொரு முறையும் தவறினால் நானே திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அது உண்மை. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதும் உண்மை.

என் ஜெர்மன் தேறத் தேற, பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. மழை, ரயில், அம்மா என்று ஒவ்வொரு சொல்லாகப் பிடிபட்டபோது வந்த குதூகலத்தைச் சொல்லி மாளாது. ஒருநாள் யூர்கனிடம், “நல்ல காதல் பாட்டு” என்றேன். அவர் மாவுக் கையை உதறினார். “காதலா? வீட்டைவிட்டு ஓடிப்போனவன் பாட்டு இது. ஒருநாளும் திரும்பி வரமாட்டேன் என்கிறான்.” ஜெர்மனில் ‘நீ’ என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருளாம். எனக்குப் பகீரென்றது. நான் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும், வரமாட்டேன் வரமாட்டேன் என்றல்லவா அவள் கையில் போன் கத்தியிருக்கிறது. அதைவிடப் பயம், அந்த வரியை இத்தனை நாள் நானே ஆசையாகப் பாடிக்கொண்டு திரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். “செல்வி, அந்த ரிங்டோன மாத்திடு.”

“ஏங்க?”

“அது நம்ம ‘நீ’ இல்ல. அர்த்தம் வேற.”

“தெரியும்ங்க. போன மாசமே வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க.”

“அப்புறம் ஏன் மாத்தாம வச்சிருக்க?”

அவள் சிரித்தாள். “உங்கள நீன்னு கூப்பிட எனக்கு வேற வழி ஏது? அத்த காதுல விழுந்தாலும், பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொல்லிருவேன்.” பிறகு குரல் இறங்கியது. “அவன் வரமாட்டேன்னு கத்தட்டும். நீங்க கூப்பிட்டாத்தானே அது கத்துது.”



போன சனிக்கிழமை யூர்கன் என்னை ஆற்றங்கரை மைதானத்தில் நடந்த கச்சேரிக்கு அழைத்துப்போனார். அந்தப் பாட்டு தொடங்கியதும் செல்வியைக் கூப்பிட்டு, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அடுத்த வாரம் அவளுக்கு மூன்றாவது பரீட்சை. மைதானமே சேர்ந்து வரமாட்டேன் என்று கத்தியது. நானும் தொண்டை கிழிய “நீ... நீ...” என்று கத்தினேன். முடிந்ததும் யூர்கன் என் தோளில் தட்டி, “இந்தச் சொல் உன் வாயில் சுத்த ஜெர்மனாக வருகிறது” என்றார். பாவம், அதில் பாதியாவது கந்தப்பளைத் தமிழ் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்.