செவிவீரன் ஏன் சொல்லவில்லை

பென்சில் கோடுகளை அழிப்பது அக்காவின் வேலை. தங்கை மையில் வரைந்து காயவைத்த பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக விரித்து, இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ரப்பரால் ஒரே திசையில் தேய்ப்பாள். முன்னும் பின்னும் தேய்த்தால் காகிதம் மடங்கிவிடும். வந்த புதிதில் ஒரு பக்கம் அப்படிக் கசங்கிப்போய், அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. துகளைத் தள்ளிவிட ஒரு பழைய ஷேவிங் பிரஷ். "அந்த மனுஷன் விட்டுட்டுப் போனதுலயே உருப்படியானது இது ஒண்ணுதான்" என்பாள்.

கணவர் போய்ச்சேர்ந்த பிறகு பத்து நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தவள் அக்கா. ஆறு வருடமாகிவிட்டது.

தங்கையைத் தெருவில் 'படக்காரி' என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பத்திரண்டு. நோட்டு அட்டையும் சோப்பு உறையும் வரையத் தொடங்கி, சிறுவர் படக்கதைக்கு வந்து இருபத்து மூன்று வருடம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கையில் ஏதோ அவசர வேலை இருந்தது. பிறகு பேச்சே வரவில்லை. அவள் வரைந்து வளர்ந்தவர்கள்தான் துப்பறியும் மூன்று பிள்ளைகளும், அவர்களோடு சுற்றும் தூங்குமூஞ்சிக் கழுதையும். எந்தக் கதையானாலும் முகமூடி போட்ட பேய் ஒன்று வரும். கடைசிப் பக்கத்தில் முகமூடியை இழுத்தால் உள்ளே தெரிந்த ஆள் இருப்பார்.

இந்தத் தடவை தலைவலி வேறு. இன்னொரு படக்கதைக் கம்பெனியின் சாகச நாயகன் செவிவீரனும் இந்தப் பிள்ளைகளும் ஒரே புத்தகத்தில் சேருகிறார்கள். செவிவீரனுக்கு மூன்று தெரு தள்ளி நிற்பவர்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். யார் மூச்சென்றும் தெரியும். அவனுடைய மேலங்கி கசங்கக் கூடாது என்று அந்தக் கம்பெனி கடிதம் போட்டது. மர்மத்தைப் பிள்ளைகள்தான் உடைக்க வேண்டும் என்று இந்தக் கம்பெனி போட்டது. இரண்டு வீட்டுச் சம்பந்திகளையும் ஒரே அறையில் படுக்கவைத்த மாதிரி நான்கு மாதம் ஓட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் நான்கு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து பக்கங்களை வாங்கிக்கொண்டு போவான்.

ஆனால் அன்று அவள் தவித்தது அதனால் அல்ல. காலையிலிருந்து உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். மூடியிருந்த மைப்புட்டியை இரண்டு முறை மூடினாள். கூடத்துச் சுவரோரம் அக்காவின் இரண்டு பெட்டிகளும் கட்டித் தயாராக நின்றன. ஞாயிற்றுக்கிழமை ரயில். மகன் வீட்டோடு தங்கப் போகிறாள். போன மாதம் அவனே கூப்பிட்டிருந்தான்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அதே மகன் படக்காரிக்குப் போன் செய்தான். "இப்போ அம்மா வரவேண்டாம் சித்தி. இவளோட அம்மா வந்து தங்கியிருக்காங்க, இருக்கறது ஒரு ரூம். நான் சொன்னா அழுவாங்க. நீங்க பக்குவமாச் சொல்லிடுங்க."

பக்குவம் வருவதற்குத்தான் பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தாள்.

"ஏய், இங்க வா. கதையில ஓட்டை இருக்கு" என்றாள் அக்கா.

"எங்க?"

"ரெண்டாம் பக்கத்துல பொம்மைத் தொழிற்சாலை மேனேஜரம்மா செவிவீரனுக்கு டீ குடுக்கறா. நாலாம் பக்கத்துல பேய் வருது. இவன் பக்கத்துலயே நிக்கறான். பேய்க்குள்ள இருக்கறது அந்த மேனேஜரம்மாதானே? மூச்சு ஒண்ணுதானே? அப்பவே தெரிஞ்சிருக்குமே இவனுக்கு?"

கதை எழுதியவர், இரண்டு கம்பெனி ஆசிரியர்கள், படக்காரி என்று நான்கு பேர் பார்த்தும் கண்ணில் படாதது.

"பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டான்னு ஒரு பேச்சு பலூன் போட்டுடலாம்."

"அதுங்க பசைத் தொட்டியில விழுந்து எழுந்திரிக்குதுங்க. கழுதைக்கு வால்ல பாதி முடி போச்சு. விட்டுட்டானாம்!"

"சரி, அவனுக்கு நிச்சயமாத் தெரியலன்னு வெச்சுக்கோ."

"மூச்சு கேட்டா போதும்னு முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

படக்காரி ஜன்னல்வரை போனாள். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வந்தாள்.

"சொன்னா அவங்க மனசு ஒடிஞ்சிடும்னு பயந்தான்."

"எவங்க மனசு?"

"எல்லாரோடதும்தான்."

அக்கா ரப்பரைத் திருப்பி அழுக்குப் படாத முனையைப் பார்த்துக்கொண்டாள். "பிள்ளைங்க இருபது பக்கம் நாய் படாத பாடு படுதுங்க. இவன் எல்லாம் தெரிஞ்சுகிட்டு கூடவே பறந்து வர்றான். மனசு ஒடியுமாம். அவனுக்குச் சொல்ற சங்கடம் வேண்டாம், அவ்வளவுதான்." பக்கத்தை ஊதினாள். "நீ ஏன் கொஞ்ச நாளா போனைக் கவுத்துக் கவுத்து வைக்கிறே?"

படக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு மகன் சொன்னதைச் சொன்னாள். பக்குவமாக ஒன்றும் வரவில்லை. அவன் சொன்ன வரிசையிலேயே, ஒரு ரூம் உட்பட, அப்படியே வந்து விழுந்தது.

"எப்போ?"

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு."

அக்கா விரலை மடக்கவில்லை. ஆனாலும் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"அதுக்கு மறுநாள்தான் தையல் மெஷினைக் கீழ் வீட்டுக்குக் குடுத்தேன்."

"ஆமா."

"படியில நீதான் ஒரு பக்கம் புடிச்சே. 'பாத்து அக்கா, கால்ல போட்டுக்காதே'ன்னே."

ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இறங்கியதைச் சொன்னால் கேவலமாக இருக்கும். 'போகாதே' என்று அந்தப் போன் வருவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சு. பெட்டி கட்டும்போதே சொல்லியிருக்கலாம். அப்போது அக்கா சந்தோஷமாக இருந்தாள். இவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால், போக்கிடம் இல்லாதவளுக்குப் போடும் பாய் மாதிரிதான் காதில் விழும்.

இருந்தாலும் சொன்னாள்.

"இங்கேயே இரேன் அக்கா. அவன் சொன்னான்னு இல்ல. எனக்கு நீ இருக்கணும்."

அக்கா கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். அழித்த பாதியில் செவிவீரன் கறுப்பு மையில் துல்லியமாக நின்றான். அழிக்காத பாதியில் பிள்ளைகளைச் சுற்றிப் பென்சில் கோடுகள் புதர் மாதிரி மண்டிக்கிடந்தன. பிரஷ்ஷை எடுத்து மேசையின் ஓரம்வரை துகளைத் தள்ளினாள். கீழே விழாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள், வழக்கம்போல.

"மெஷினைத் திருப்பிக் கேட்டா தப்பா நினைப்பாங்களா? நான் போய்க் கேக்கறேன்" என்றாள் படக்காரி.

வாசல் மணி அடித்தது. நான்கு மணி ஆள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான்.

அக்கா எழுந்தாள். ஒரு கையில் துகள், மறு கையில் ரப்பர். வாசல் பக்கம் போகவில்லை. இருப்பதா போவதா என்ற கேள்வியைக் கூடத்துப் பெட்டிகளோடு விட்டுவிட்டு, அவற்றைத் தாண்டி உள்ளே போனாள்.