சங்கத்துக் காகிதங்களைப் படம் பிடித்த வருஷம்

நான் எழுதுவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் அது நியாயம்தான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் குரல் வராது. படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு மன்னிக்க வேண்டும். இதை வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சகாய சங்கம் இருந்தது. சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுவோம். சாவு, நோய், பிள்ளைகள் படிப்பு என்று வந்தால் சங்கம் கைகொடுக்கும். கேட்பவர்கள் மனு கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி என்போம், அவரே எழுதிக் கொடுப்பார். அவர்தான் சங்கச் செயலாளரும். அந்த மனுக்களை மட்டும் தனியாக ஒரு துணியில் கட்டி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். அவரையும் தலைவரையும் தவிர வேறு யாரும் அந்த மூட்டையைத் தொடக்கூடாது. அந்த நம்பிக்கையில்தான் ஜனங்கள் வெட்கத்தை விட்டு உதவி கேட்டார்கள்.

எங்கள் மலையில் காகிதம் நிலைக்காது. பனி ஜன்னல் வழியாக வந்து அலமாரிக்குள்ளேயே குடியிருக்கும். கணக்குப் புத்தகங்களில் பூசணம் கறுப்பாகப் படர்ந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு கூட்டத்தில் கிராணி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். நமுத்துப்போன அப்பளம் மாதிரி தொங்கியது. டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிலிம் சுருளில் படம் பிடித்து வைப்பது என்று முடிவானது. இரண்டு தடவை பிடித்து, ஒரு சுருளை ஆபீஸ் இரும்புப் பெட்டியிலும் மற்றதைத் தானா ராத்தாவில் வங்கிப் பெட்டகத்திலும் வைக்க வேண்டும்.

“இனிமே மழ பேஞ்சா என்ன, ஆபீஸே எரிஞ்சா என்ன, நம்ம சங்கம் அப்படியே இருக்கும் லா” என்றார் தலைவர்.

ஸ்டூடியோக்காரர் வந்த அன்று கிராணி அலமாரியைத் திறந்துவிட்டு, “ஒண்ணு விடாம எடுங்க” என்று சொல்லிவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார். அந்த மனிதர் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தார். துணி மூட்டையையும் அவிழ்த்தார்.

சுருள்கள் வந்த பிறகு தோட்டத்தில் ஒரே கேலி. இந்தக் கறுப்பு ரிப்பனுக்கா சங்கத்துக் காசு என்று கேட்டார்கள். அதனால் வருஷக் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டிவிடலாம் என்றார் கிராணி. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடப் படங்களைச் சுவரில் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது. பிலிமை உள்ளே விட்டு, பக்கத்தில் உள்ள குமிழைத் திருகினால் படம் ஒவ்வொன்றாக நகரும். வாத்தியார் அதைக் கொண்டுவந்து ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க மாப்பிள்ளையின் அம்மா கம்போங் ராஜாவிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே காய்கறி லாரி ஓட்டினார். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. தட்டு மாற்றி முடிந்திருந்தது, தேதி மட்டும்தான் பாக்கி. அப்பா சங்கத்தில் கமிட்டி மெம்பர், அவருக்கு அதில் பெருமை. “படம் காட்டுறாங்க சம்பந்தியம்மா, பாத்துட்டு வந்து பேசுவோம்” என்று அவரே அழைத்துக்கொண்டு போனார்.

கூடத்து ஜன்னல்களைச் சாக்குத் துணியால் அடைத்திருந்தார்கள். முன்னால் திரையாக வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. வரப்போகும் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். அத்தை எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்ததும் பின்னாலிருந்து ஒருவர், “கிராணி ஐயா, சண்ட உண்டா?” என்றார். “பாட்டு இருக்கு, நீங்கதான் பாடணும்” என்றார் கிராணி. எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் சங்கத்தின் பதிவுச் சான்று வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, ஆளுயரத்துக்கு. கூடம் கைதட்டியது. அந்த மெஷினில் ஒரு காகிதத்தின் பாதிதான் தெரியும். குமிழைத் திருகினால் மறு பாதி வரும்.

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் திடலில் சினிமா போடும்போது, படத்தில் கடிதம் வந்தால் எழுத்துத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படித்துச் சொல்வோம். அம்மாவுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் படிப்பது நான்தான். இருட்டில் எனக்குக் கூச்சம் வராது.

“என்ன புள்ள எழுதியிருக்கு? எனக்குப் படி” என்று அத்தை என் கையைத் தட்டினார்கள். சான்றைப் படித்தேன். அடுத்து வந்த வரவு செலவைப் படித்தேன். அதற்கடுத்து ஒரு மனு வந்தது. முன்வரிசையில் கிராணியின் தலை சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் வாய் வழக்கம்போலப் படித்துக்கொண்டு போனது.

“கனம் தலைவர் அவர்களுக்கு, மேல் லயத்தில் குடியிருக்கும்...”

அடுத்த சொல் என் அப்பா பெயர். அதையும் படித்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது.

வாத்தியார் குமிழைத் திருகினார். மறு பாதி வந்தது. வேட்டி முழுக்க எங்கள் வீடு.

பதினோரு வயதில் எனக்குச் சயரோகம் இருந்தது. ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தேன், திரும்பிய பிறகும் மாதாமாதம் போய்வந்தேன். சித்திக்குப் பிள்ளைப்பேறு, துணைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று லயத்து வீடுகளில் சொல்லி வைத்தோம். குணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் சித்தியும், அப்பா அம்மாவும், கிராணியும், தலைவரும்தான்.

“ஏன் நிறுத்திட்ட? படி” என்றார்கள் அத்தை.

எழுத்துத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்கள். என் காதில் மெஷினின் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. வேறு எதையாவது சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. திரையில் இருந்ததைப் படித்தேன்.

“என் மகளுக்கு நெஞ்சில் சயரோகம் என்று சொல்கிறார்கள். மாதாமாதம் ஈப்போ போய்வர வழியில்லை. சங்கம் மனது வைக்க வேண்டும். இது வெளியே தெரிந்தால் பிள்ளைக்கு நாளை கல்யாணம் ஆகாது.”

அதோடு முடிந்தது. கீழே அப்பாவின் கைநாட்டு, பூசணிக்காய் அளவுக்கு.

யாரோ வயரைப் பிடுங்கினார்கள். சாக்குகளை இறக்கினார்கள். வெளிச்சத்தில் ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள். அப்பா கமிட்டி நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கிராணி அவரிடம் போய், “எனக்குத் தெரியாதுங்க. அந்த மூட்டையும் இதுல ஏறியிருக்கும்னு சத்தியமா தெரியாது” என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தை குடையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். எழுந்து நின்ற பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் அத்த.”

“வேற ஏதாச்சும் படிச்சிருக்கலாமே.”

அவர்கள் குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள். “இப்ப இருமல் இருக்கா?” என்றார்கள். இல்லை என்றேன். அம்மா ஓடிவந்து, “வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றாள். “இருக்கட்டும், வாடகைக் கார் இப்ப விட்டா கிடைக்காது” என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனார்கள். சமைத்து வைத்த சோறு மூடியபடியே இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. நான் கொழுந்து பறிக்கப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மத்தியானம் கம்போங் ராஜாவிலிருந்து வந்த உர லாரியில் நிச்சயத்தில் நாங்கள் கொடுத்த தட்டும் துண்டும் திரும்பி வந்தன. சாயங்காலம் கிராணி, ஆபீஸில் வைக்க இருந்ததையும் சேர்த்து, இரண்டு சுருள்களையும் தகர டப்பாவில் போட்டு மூடி, தானா ராத்தா வங்கியில் வைக்கக் கொண்டுபோனார்.